அப்பா படித்த பத்திரம்

அப்பாவிடம் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார். கல்யாணப் பத்திரிகை, என் வீட்டுக் கடன் ஒப்பந்தம், மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதம், எதுவானாலும் சரி. மன்னார்குடியில் நாற்பத்தொரு வருடம் பத்திர எழுத்தராக இருந்தவர். "மொதப் பக்கத்துல எல்லாரும் நல்லவனாத்தாம்மா இருப்பான். கடைசிப் பக்கத்துலதான் வில்லங்கம் தெரியும்" என்பார்.

போன அக்டோபரில் மேரிலாந்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு நாள் ரெட் லைன் மெட்ரோவில் ஏற்றி வாஷிங்டன் கூட்டிப்போனேன். லிங்கன் சிலை, வெள்ளை மாளிகை வேலி எல்லாவற்றையும் "ம், நல்லாருக்கு" என்று முடித்துவிட்டார். கால் வலி வேறு. கொஞ்சம் குளிர் தணியட்டும் என்றுதான் நேஷனல் ஆர்க்கைவ்ஸ் என்கிற தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்குள் நுழைந்தோம். டிக்கெட் கிடையாது.

"இங்க என்னம்மா இருக்கு?"

"இந்த நாட்டோட மூலப்பத்திரம்ப்பா."

விளையாட்டாகத்தான் சொன்னேன். கால் வலி அந்த நிமிடமே போய்விட்டது.

ரொட்டண்டா என்கிற அந்த வட்ட மண்டபத்தில் கர்ப்பகிரகம் மாதிரி மங்கலான வெளிச்சம். மை மேலும் வெளுக்கக் கூடாது என்பதற்காக. போட்டோ எடுக்கவும் கூடாது. இடப்பக்கம் 1776-ஆம் வருடத்துச் சுதந்திரப் பிரகடனம், நடுவில் 1787-இன் அரசியலமைப்புச் சட்டம் நாலு தாள், வலப்பக்கம் மக்களின் உரிமைகளைச் சொல்லும் பில் ஆஃப் ரைட்ஸ். மூன்றும் ஆர்கான் வாயு நிரப்பிய பேழைகளுக்குள். பிரகடனத்தில் உற்றுப் பார்த்தாலும் பாதி எழுத்து தெரியவில்லை. 1841-லிருந்து 1876 வரை காப்புரிமை அலுவலகக் கட்டடத்தில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டி வைத்ததன் பலன். "வடாமா காயவச்சாங்க?" என்று கேட்டுவிட்டு அப்பா நகர்ந்தார்.

எல்லோரும் சட்டத்தின் முதல் தாள் முன்னால் குவிந்திருந்தார்கள். பெரிய எழுத்தில் 'வீ த பீப்பிள்' (மக்களாகிய நாம்) அங்கேதானே இருக்கிறது. அப்பா நேரே நாலாவது தாளுக்குப் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, கோயில் என்பதை மறந்த குரலில், "ஏம்மா, இங்க வா! சொருகல் குறிப்பு போட்டிருக்கான்!" என்றார். காவலர் திரும்பிப் பார்த்தார்.

கையெழுத்துகளுக்கு இடப்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு பத்தி. நான் அந்த மண்டபத்துக்கு அதற்கு முன் மூன்று தடவை போயிருக்கிறேன். 2019-இல் குடியுரிமைத் தேர்வுக்காக 100 கேள்வி பதில்களை உருப்போட்டவள். திருத்தங்கள் எத்தனை, 27. முதல் மூன்று சொற்கள் என்ன, வீ த பீப்பிள். அப்போதெல்லாம் பத்துக் கேள்வியில் ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதும் என்றிருந்தது. முதல் ஆறும் சரியாகிவிட்டதால் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். இப்படி ஒரு பத்தி இருப்பதே எனக்குத் தெரியாது. அப்பாவால் ஆங்கில நாவல் படிக்க முடியாது, ஆனால் பழைய பத்திர ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'இன்டர்லைன்ட்' என்ற ஒரு சொல்லை அந்த இருட்டிலும் பிடித்துவிட்டார்.

பத்திர எழுத்தர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். எழுதும்போது ஒரு சொல் விட்டுப்போய் வரிக்கு மேல் சொருகினாலோ, அடித்துத் திருத்தினாலோ, கடைசியில் அதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும். 'இரண்டாம் பக்கம் ஏழாம் வரியில் "கிழக்கு" என்பது சொருகல்' என்கிற மாதிரி. பக்கத்தில் கையெழுத்தோ சுருக்கொப்பமோ வேண்டும். சொல்லாமல் விட்டால், பிற்பாடு எவனோ சேர்த்துவிட்டான் என்று வழக்கு வரும். பதிவுச் சட்டம் 20-ஆம் பிரிவு என்று அப்பா தூக்கத்தில்கூடச் சொல்வார்.

அந்தப் பத்தியும் அதையேதான் சொல்கிறது. முதல் பக்கம் ஏழாம், எட்டாம் வரிகளுக்கு நடுவில் 'த' (the) என்பது சொருகல். பதினைந்தாம் வரியில் 'தர்ட்டி' (முப்பது) என்ற சொல்லின் ஒரு பகுதி, சுரண்டிய இடத்தின் மேல் எழுதியது. 32-ஆம் வரிக்கும் 33-ஆம் வரிக்கும் நடுவில் 'இஸ் ட்ரைட்' சொருகல். இரண்டாம் பக்கம் 43-க்கும் 44-க்கும் நடுவில் இன்னொரு 'த'. கீழே, இந்தச் சட்டத்தை உருவாக்கிய பிலடெல்பியா மாநாட்டின் செயலாளர் வில்லியம் ஜாக்சனின் அத்தாட்சிக் கையெழுத்து.

"'த'வ விடு. எண்ணை எதுக்குச் சுரண்டினான்? எண்ணுல கை வச்சிருந்தா அதுக்கு ஒரு கதை இருக்கணும்."

இருக்கிறது. அன்றிரவு தேடிப் படித்து அவருக்குச் சொன்னேன். மக்கள் சபைக்கு நாற்பதாயிரம் பேருக்கு ஒரு உறுப்பினருக்கு மேல் கூடாது என்றுதான் எழுதி முடித்திருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய அன்றைக்கே, 1787 செப்டம்பர் 17, மாசசூசெட்ஸின் நதானியேல் கோரம் எழுந்து, முப்பதாயிரமாகக் குறைக்கலாமே என்றார். நான்கு மாதமாகத் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து, விவாதத்தில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் அப்போது வாய் திறந்தார். மக்களுக்கு இத்தனை குறைவான பிரதிநிதிகள் போதாது என்று பலர் ஆட்சேபிக்கிறார்கள், எனக்கும் அது சரியென்று படுகிறது என்றார். யாரும் மறுக்கவில்லை. தாளாகப் பதப்படுத்திய தோலில் எழுதிய மையைக் கத்தியால் சுரண்டி நாற்பது முப்பதாயிற்று. நாட்டுக்கு முதல் ஜனாதிபதி ஆகப்போகிறவர் அந்த மாநாட்டின் விவாதத்தில் பேசிய ஒரே பேச்சின் தழும்பு அது. (இன்றைக்கு ஒரு உறுப்பினருக்கு ஏழரை லட்சம் பேருக்கு மேல். முப்பதாயிரம் என்பது உச்சவரம்புதானே தவிர வாக்குறுதி இல்லை.)

அப்பாவின் அடுத்த கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். "எழுதினவன் யாரு? பேரே காணும்?"

ஜேக்கப் ஷாலஸ். பென்சில்வேனியா சட்டசபையில் உதவிக் குமாஸ்தா. சபை நடந்த அதே கட்டடத்தில்தான் மாநாடும் நடந்தது. சனிக்கிழமை, 15-ஆம் தேதி, எல்லாம் முடிவாகி, 'சுத்தப்பிரதி எழுதுங்கள்' என்று உத்தரவு. திங்கட்கிழமை கையெழுத்து. நடுவில் ஒரே ஒரு ஞாயிறு. சுமார் 4,500 சொற்கள், இறகுப் பேனா, நாலு தோல். கூலி 30 டாலர். அவர் பெயர் அந்த நாலு தாளில் எங்கேயும் இல்லை. நெடுங்காலம் யாருக்கும் தெரியவும் தெரியாது.

"சனிக்கிழமை சாயங்காலம் கொண்டாந்து குடுத்துட்டு திங்கக்கிழமை காலைல வேணும்பான். எல்லா ஊர்லயும் இதே கதைதான்" என்றார் அப்பா. முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரிகளில், திண்ணையில் ஆட்கள் காத்திருக்க, அவர் அரிக்கேன் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருந்தது எனக்கே நினைவிருக்கிறது. விடியும்போது விரல் மடங்காது. அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுப்பாள். ஒன்று மட்டும், அப்பாவின் பத்திரங்களில் கடைசி வரியில் 'ஆவணம் எழுதியவர்' என்று பெயரும் உரிம எண்ணும் இருக்கும். ஷாலஸுக்கு அதுவும் இல்லை. மூன்றே சொருகலில் ஞாயிற்றுக்கிழமையை முடித்த மனிதர் மேல் அப்பாவுக்கு அன்றே ஒரு பாசம் வந்துவிட்டது. எழுத்துப்பிழைகளைக் காட்டியபோதுகூட விட்டுக்கொடுக்கவில்லை. கையெழுத்துப் பக்கத்தில் பென்சில்வேனியாவுக்கு ஒரு 'என்' குறைகிறது. மாநிலப் பெயர்களை அங்கே எழுதியது அலெக்சாண்டர் ஹாமில்டன் என்பார்கள். "பாத்தியா, குமாஸ்தா தப்புப் பண்ணல, வக்கீல்தான் பண்ணியிருக்கான்!"

ஆர்க்கைவ்ஸ் கடையில் கையடக்கப் பிரதி ஒன்று வாங்கியிருந்தேன். மறுநாளிலிருந்து ஜன்னலோர நாற்காலியும் பென்சிலும் அந்தப் புத்தகமும்தான். மூன்று வாரம். சாயங்காலம் நான் வேலை முடித்து மடிக்கணினியை மூடும்போது ஒரு கேள்வி தயாராக இருக்கும்.

முதலில் எல்லாவற்றையும் வகை பிரித்தார். எந்த ஆவணம் என்று தெரியாமல் ஒரு வரி படிக்க மாட்டார். சுதந்திரப் பிரகடனத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு, "இது பத்திரமே இல்ல. வக்கீல் நோட்டீஸ்" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுதானே? முதலில் கொள்கை: எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், ஆளப்படுவோரின் சம்மதத்திலிருந்துதான் அரசுக்கு அதிகாரம், அந்த நோக்கத்தைக் கெடுக்கிற அரசை மாற்ற மக்களுக்கு உரிமை உண்டு. இது சட்டக் கூற்று. அப்புறம் எதிர்தரப்பான பிரிட்டிஷ் அரசர் மூன்றாம் ஜார்ஜ் மேல் வரிசையாக 27 புகார்கள். கடைசியில், ஆகவே உறவு முறிந்தது. அஞ்சல் ரசீது மட்டும்தான் இல்லை.

புகார்களில் ஒன்று, எங்கள் சம்மதம் இல்லாமல் எங்கள் மேல் வரி போட்டது. அந்தத் தகராறு சூடு பிடித்ததே முத்திரைத்தாளில்தான் என்று சொன்னேன். அப்பா புத்தகத்தைக் கீழே வைத்தார். 1765-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு முத்திரைச் சட்டம் கொண்டுவந்தது. பத்திரம், உயில், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரைக்கும் தீர்வை கட்டிய தாளில்தான் இருக்க வேண்டும். ஊரே எழுந்தது; முத்திரை விற்க நியமிக்கப்பட்டவர்களின் உருவ பொம்மைகளை எரித்தார்கள்; அடுத்த வருடம் மார்ச்சிலேயே சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

"முத்திரைத்தாளுக்காடீ சண்டை போட்டாங்க?" வாழ்நாள் முழுக்க முத்திரைத்தாள் விற்பவரின் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர். நம் ஊரில் கிரயத்துக்கு நூற்றுக்கு ஏழு ரூபாய் தீர்வை. சட்டம் 1899-இல் வெள்ளைக்காரன் போட்டது. பெயர் மாறாமல் இன்னமும் இருக்கிறது. "நாம அத மட்டும் பத்திரமா வச்சுக்கிட்டோம்" என்று சிரித்தார்.

சுதந்திரப் போரை முடித்துவைத்த 1783-இன் பாரிஸ் உடன்படிக்கையை நான்தான் எடுத்துக் காட்டினேன். அதன் முதல் பிரிவில் பிரிட்டிஷ் அரசர், தானும் தன் வாரிசுகளும் தனக்குப் பின் வருவோரும் அந்த மாநிலங்களின் ஆட்சி, உடைமை, நிலவுரிமை எல்லாவற்றின் மேலும் உள்ள பாத்தியதையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுக்கிறார். அப்பா மேசையைத் தட்டினார். "இதாம்மா விடுதலைப் பத்திரம்! விடுறவன்தான் எழுதணும்." பதிவு அலுவலக மொழியில் விடுதலைப் பத்திரம் என்றால் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம். ஒரு நாட்டின் விடுதலைக்கும் அந்தப் பெயர் இவ்வளவு சரியாகப் பொருந்தும் என்று நான் நினைத்ததே இல்லை.

பிரகடனத்துக்கும் அரசியலமைப்புக்கும் நடுவில் ஒன்று இருந்ததே, கூட்டமைப்பு விதிகள், 1781-இல் அமலுக்கு வந்தது, அதை "கூர்ச்சீட்டு" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். அண்ணன் தம்பிகள் வெள்ளைத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளும் பதியாத பாகச் சீட்டு. மத்திய சபையான காங்கிரஸ் வரி போட முடியாது, மாநிலங்களைக் கேட்டுப் பார்க்கலாம். விதிகளை மாற்ற 13 மாநிலமும் சம்மதிக்க வேண்டும். போர்க்கடனை அடைக்க இறக்குமதிக்கு நூற்றுக்கு ஐந்து தீர்வை போடலாம் என்றபோது ரோட் தீவு ஒன்றே ஒன்று முடியாது என்றது, திட்டம் செத்தது. "ஒரு பங்காளி முறைச்சுக்கிட்டா கெணத்துல யாருமே தண்ணி எறைக்க முடியாது" என்றார். அவ்வளவுதான், மேலே போய்விட்டார்.

அப்படியானால் அரசியலமைப்புச் சட்டம்? இரண்டு நாள் யோசித்தார். "பாகப்பிரிவினை. ஆனா சொத்து இல்ல, அதிகாரம்."

அதன்பிறகு எனக்கும் வேறு மாதிரி படிக்க முடியவில்லை. சட்டம் இயற்றுவது காங்கிரஸுக்கு, நிறைவேற்றுவது ஜனாதிபதிக்கு, தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்துக்கு என்று மூன்று பாகம். ஒருத்தர் பாகத்தில் இன்னொருத்தருக்கு வண்டிப்பாதை மாதிரி சில உரிமைகள்: ஜனாதிபதி மசோதாவைத் திருப்பி அனுப்பலாம், செனட் அவருடைய நியமனங்களை மறுக்கலாம். அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்தது. ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் எழுதிக்கொள்ளும் பத்திரம்தான் நிற்கும், நம்பி எழுதியது கோர்ட்டுக்குப் போகும் என்பது அவர் அனுபவம். முதல் விதியின் எட்டாம் பிரிவில் காங்கிரஸின் அதிகாரங்களை ஒவ்வொன்றாக அடுக்கியிருப்பதைச் 'சொத்து விவரம்' என்றார். வரி போடலாம், நாணயம் அடிக்கலாம், தபால் நிலையம் வைக்கலாம், போர் அறிவிக்கலாம். பத்தாம் திருத்தம் நான்கெல்லை: இதில் கொடுக்காததும் மாநிலங்களுக்குத் தடுக்காததும் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ.

ஆனால் எட்டாம் பிரிவின் கடைசி வாசகத்தில் பென்சில் நின்றது. மேற்சொன்ன அதிகாரங்களைச் செயல்படுத்தத் தேவையான, தகுந்த எல்லாச் சட்டங்களும் காங்கிரஸ் இயற்றலாம்.

"இது 'சகல பாத்தியங்களும் உட்பட'ங்கற வரி. எழுதறப்போ அலங்காரமா இருக்கும். பின்னாடி மொத்த வழக்கும் இங்கேருந்துதான் வரும். வந்துச்சா?"

வந்தது. அதுவும் நாங்கள் குடியிருக்கும் மேரிலாந்திலிருந்தே. தேசிய வங்கியின் பால்டிமோர் கிளைக்கு மேரிலாந்து வரி போட்டது. கிளையின் காசாளர் மெக்கல்லாக் கட்ட மறுத்தார். வங்கி என்ற சொல்லே பட்டியலில் இல்லையே, காங்கிரஸ் எப்படி வங்கி வைக்கலாம் என்றது மாநிலம். 1819-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், அந்தக் கடைசி வாசகத்தை வைத்தே வங்கி செல்லும் என்றும், மாநிலம் அதற்கு வரி போட முடியாது என்றும் தீர்ப்புச் சொன்னார். அப்பா காதில் வாங்கிக்கொண்டே வாசகத்தின் கீழ் இரண்டு கோடு போட்டார்.

கையெழுத்துப் பக்கத்துக்கு மட்டும் ஒரு வாரம் ஆனது. அங்கே அவருக்கு அடுக்கடுக்காகச் சந்தேகம். எழுதிக் கொடுப்பவர் 'மக்களாகிய நாம்'. எழுதி வாங்குபவரும் அவர்களேதான். கையெழுத்துப் போட்டவர்களோ 'சாட்சியாக' என்று போடுகிறார்கள். "அப்ப இவங்க சாட்சிதான். எழுதிக் குடுத்தவன் கையெழுத்து எங்க?" அதற்குப் பதில் மாநில மாநாடுகள். டெலவேர் 1787 டிசம்பர் 7-இல் முதலில் ஒப்புக்கொண்டது. ஒன்பதாவதாக நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூன் 21-இல். ஒன்பது போதும் என்று சட்டமே சொல்கிறது. நியூயார்க்கில் 30-க்கு 27. ரோட் தீவு கடைசியாக, 1790 மே மாதம், 34-க்கு 32.

"தாய்ப்பத்திரத்துல பதிமூணு பேரும் சம்மதிக்கணும்னு இருக்கு. புதுப் பத்திரத்துல ஒம்பது போதும்னு இவங்களே எழுதிக்கிட்டா செல்லுமா?" என் தந்தை கண்டுபிடித்தது இருநூற்றுச் சொச்சம் ஆண்டுப் பழைய ஆட்சேபம், சட்டத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த ஜேம்ஸ் மாடிசனே இதற்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட அவர் சொன்னது, மக்களே நேராக ஒப்புக்கொண்டால் பழைய படிவம் குறுக்கே நிற்காது என்று. அப்பா ஏற்கவில்லை. "பதிவாளர் திருப்பி அனுப்பியிருப்பார்."

அடுத்து 'வந்திருந்த மாநிலங்களின் ஒருமனதான சம்மதத்தோடு' என்ற வாசகம். மாநிலங்கள்தான் ஒருமனது, ஆட்கள் இல்லை. மூன்று பேர் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டே கையெழுத்து மறுத்தார்கள்: எல்பிரிட்ஜ் கெர்ரி, எட்மண்ட் ராண்டால்ஃப், ஜார்ஜ் மேசன். இப்போது இருக்கிறபடி இதில் கையெழுத்திடுவதை விட வலது கையை வெட்டிக்கொள்வேன் என்று மேசன் சொன்னதாக மாடிசனின் குறிப்பில் இருக்கிறது. மக்களின் உரிமைகளைச் சொல்லும் பகுதி இதில் எங்கே என்பது அவர் கேட்ட முக்கியமான கேள்வி. அந்த மூன்று பேரும் தெரியக் கூடாது என்றுதான் கவர்னர் மாரிஸ் (கவர்னர் என்பது பதவியில்லை, அவர் பெயரே அதுதான்) வாசகத்தை இப்படி வளைத்து எழுதினார். "கெட்டிக்காரன்" என்றார் அப்பா. பாராட்டா என்று தெரியவில்லை.

ஜான் டிக்கின்சன் கையெழுத்து அவர் போட்டதில்லை என்று சொன்னபோதுதான் நிஜமாகவே அதிர்ந்தார். உடம்பு சரியில்லாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டார்; எனக்காக நீயே போட்டுவிடு என்று ஜார்ஜ் ரீடுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டார். ரீடும் போட்டார். 39 பெயர், 38 கை. "லெட்டர் போதாதும்மா. பவர் வேணும்." இதை இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதுகூட.

அடிமைகள் பற்றிய பகுதிக்கு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்தச் சொல் மூலச் சட்டத்தில் ஒரு இடத்திலும் கிடையாது. பிரதிநிதிகளை ஒதுக்கத் தலை எண்ணும்போது 'மற்ற நபர்கள்' ஐந்துக்கு மூன்று. 1808 வரை 'அத்தகைய நபர்களின்' இறக்குமதியைக் காங்கிரஸ் தடுக்கக் கூடாது. தப்பி ஓடினால் 'வேலைக்குக் கட்டுப்பட்ட நபரை'த் திருப்பி ஒப்படைக்க வேண்டும். மனிதர்கள் சொத்தாக இருக்கலாம் என்ற எண்ணத்தை இந்தச் சட்டத்தில் ஒப்புக்கொள்வது தவறு என்று மாடிசனே மாநாட்டில் சொன்னார். சொல்லை விட்டுவிட்டார்கள், விஷயத்தை வைத்துக்கொண்டார்கள். மாடிசனுக்கும் வாஷிங்டனுக்கும் மேசனுக்கும் அடிமைகள் இருந்தார்கள்.

"பேர் சொல்லாம எழுதறான்னா, எழுதறவனுக்கே கூச்சம்னு அர்த்தம்" என்றார். நான் கொஞ்சம் கோபமாகவே, "தெரிஞ்சேதானேப்பா எழுதினாங்க?" என்று கேட்டேன்.

வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். "நானும் எழுதியிருக்கேன்மா. அண்ணன்காரன் கூட்டிட்டு வருவான். தங்கச்சி வெளிய வேப்பமரத்தடியில நின்னு அழுதுகிட்டு இருக்கும். 'எவ்வித வற்புறுத்தலுமின்றி, மனப்பூர்வமாக என் பங்கை விட்டுக்கொடுத்து'ன்னு எழுதுவேன். கண்ணத் தொடச்சிட்டு வந்து கைநாட்டு வைக்கும். எத்தனைன்னு கணக்கு வச்சுக்கல."

அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை.

திருத்தங்களைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு சண்டை, மாடிசனோடு. 1789 ஜூனில் மாடிசன் மக்களின் உரிமைகளைத் திருத்தங்களாகக் கொண்டுவந்தபோது, அவற்றை மூல வாசகத்துக்கு உள்ளேயே அங்கங்கே செருகிவிட வேண்டும் என்றுதான் கேட்டார். கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் விடவில்லை. கையெழுத்திட்டவர்கள் எதில் கையெழுத்திட்டார்களோ அது அப்படியே இருக்கட்டும், புதியதைக் கடைசியில் தனியாகச் சேர்ப்போம் என்றார். பித்தளையையும் இரும்பையும் களிமண்ணையும் கலக்க முடியாது என்று வாதாடினார். கடைசியில் சபை அவர் பக்கம் வந்தது. ஷெர்மன் இளவயதில் செருப்புத் தைத்தவர், பிரகடனம், கூட்டமைப்பு விதிகள், அரசியலமைப்பு என்று எல்லாவற்றிலும் கையெழுத்திட்டவர் என்றதும் அப்பா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "தொழில் தெரிஞ்சவன்! பதிஞ்ச பத்திரத்துல கை வைக்கக் கூடாது. பிழைத்திருத்தல் பத்திரம் தனியாத்தான் போடணும்."

அதனால்தான் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கு இன்றும் அந்த மண்டபத்தில் முதல் தாளில் அப்படியே இருக்கிறது. அடிமை முறையை ஒழித்த 1865-இன் பதின்மூன்றாம் திருத்தமும், எல்லோரையும் முழு ஆளாக எண்ணச் சொன்ன 1868-இன் பதினான்காம் திருத்தமும் தனித்தனிக் காகிதங்கள். மாடிசன் வழியில் போயிருந்தால் அந்த வரி பிற்பாடு சுத்தமாகக் காணாமல் போயிருக்கும். என் மகள் பள்ளியில் அதைப் படித்திருக்கவே மாட்டாள்.

பேழையில் இருக்கும் பில் ஆஃப் ரைட்ஸில் பத்து இல்லை, பன்னிரண்டு பிரிவுகள் இருப்பதையும் அப்பாதான் எண்ணிச் சொன்னார். மாநிலங்களுக்கு அனுப்பியது பன்னிரண்டு. 1791 டிசம்பர் 15-க்குள் தேறியது பத்து. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றிக்கொண்டால் அடுத்த தேர்தல் முடிந்த பிறகே அது அமலாக வேண்டும் என்ற இரண்டாம் பிரிவு தூங்கிக்கொண்டே இருந்தது. கெடு எதுவும் எழுதவில்லை. 1982-இல் டெக்சாஸில் கிரெகரி வாட்சன் என்ற மாணவர் இது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். கிடைத்தது 'சி' மதிப்பெண். அவர் விடாமல் மாநிலம் மாநிலமாகக் கடிதம் போட்டார். 1992-இல் அது 27-ஆம் திருத்தம் ஆனது. 'இருபத்தேழு' என்று நான் உருப்போட்டுச் சொன்ன எண்ணுக்குள் இருந்த கதை இது.

"எழுதி இருநூறு வருஷம் கழிச்சுப் பதிவா!" நம் சட்டப்படி எழுதின நாலு மாதத்துக்குள் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும், தாண்டினால் அபராதம், அதற்கும் ஒரு எல்லை உண்டு. அப்பாவுக்கு இது வேடிக்கையாக இருந்ததா, அக்கிரமமாகப் பட்டதா தெரியவில்லை. முதல் பிரிவு இன்னமும் நிலுவையில் இருப்பதாகச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

ஜனவரியில் ஊருக்குப் போய்விட்டார். அவர் அறையைக் கூட்டும்போது அந்தக் கையடக்கப் பிரதி ஜன்னலோரம் இருந்தது. எடுத்துப் போயிருப்பார் என்று நினைத்திருந்தேன். பழக்கதோஷம் எனக்கும் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினேன். அச்சு முடிந்து மிச்சமிருந்த வெள்ளையில், பென்சிலில், பத்திரத்துக்கு எழுதும் அதே சாய்வில்லாத குண்டுக் கையெழுத்து:

ஆவணம் எழுதியவர்: ஜேக்கப் ஷாலஸ், குமாஸ்தா, பிலடெல்பியா. கூலி டாலர் 30.

'ஷாலஸ்' என்பதை முதலில் 'சல்லாஸ்' என்று எழுதி, அடித்து, மேலே திருத்தியிருந்தார். அதற்குக் கீழே இன்னும் சின்னதாக: மேற்படி வரியில் ஒரு சொல் அடித்துத் திருத்தப்பட்டது. பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம்.